மலையக வீடுகளில் தண்ணீரும் ரேடன் வாயுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து விழவிடும் தண்ணீர்) குடித்து வளர்ந்தவன் நான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்து ஏழு பேருக்குச் செங்கண்மாரி வந்தது. மேல் லயத்துக் கக்கூஸ் குழி நிரம்பி, கான் வழியாக இறங்கி, நாங்கள் குடிக்கும் ஊற்றில் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யார் தண்ணீரைப் பற்றிக் கேட்டாலும் முதலில் அவர்கள் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். உறவினர்களும் அயலவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குக் கிணறே இல்லை, பீலியும் ஹோஸ் பைப்பும்தான். இது எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். மலையகத்தில் கிணறு, ஊற்று, பீலி எல்லாவற்றுக்கும் ஊட்டம் ஒன்றுதான்: மேல் சரிவில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியாகக் கீழே வந்து சேருகிறது. சமவெளியில் கிணறு வெட்டுபவர்கள் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேட வேண்டும். நமக்கு அது பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மேலே இருக்கும் மலசலகூடக் குழி, மாட்டுக் கொட்டகை, மரக்கறித் தோட்டம், குப்பை மேடு எல்லாம் நம் தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை.

குழாய்க் கிணறு மட்டும் கொஞ்சம் வேறு. அது ஆழத்துப் பாறையிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. கிருமி பொதுவாகக் குறைவு. இரும்பும், பாறையில் பிறக்கும் கதிர்வீச்சு வாயுவான ரேடனும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. இதையும் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். செங்கண்மாரி வந்த வருடமும் எங்கள் பீலித் தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கண்மாரி எதுவும் நிறத்தையோ மணத்தையோ மாற்றாது.

இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதன்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஈ.கோலை மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது. அது தண்ணீரில் தென்பட்டால், மலம் எங்கோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களால் ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

பொதுவாக 30 மீற்றர், அதாவது நூறு அடி என்பார்கள். இந்தக் கணக்கு மண் நன்றாக வடிகட்டும் சமவெளிக்குச் சரி. நமது சரிவில் மண் ஆழம் குறைந்த இடங்கள் நிறைய. அடியில் பாறை வெடிப்பு இருந்தால் அழுக்குத் தண்ணீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் போய்விடும். அதனால் தூரத்தைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது உயரத்தை. குழி கிணற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். லயத்து வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் தோட்டங்களில் இது ஒரு வீட்டால் முடியாத காரியம். மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்ந்து உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். குழியை மாற்ற முடியாவிட்டால், தண்ணீர் எடுக்கும் இடத்தைக் குழிகளுக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து பைப் போட்டு இறக்கலாம். புதுக் குழி வெட்டுவதைவிட அது பல இடங்களில் மலிவு.

ஊற்றுக் கண்ணையும் மூட வேண்டும். கண்ணைச் சுற்றிக் கல்லும் சரளையும் அடுக்கி, மேலே சீமெந்து மூடி போட்டு, ஒரு பைப் மட்டும் வெளியே விட்டு, மேல் பக்கத்தில் மழைத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு கான் வெட்டினால், நோயில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மாடும் நாயும் இறங்காமல் வேலியும் போடுங்கள்.

கொதிக்க வைத்தால் போதுமா? நுவரெலியாவில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, கிருமி சாகுமா?

சாகும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். அந்தச் சூடு கிருமிகளுக்குப் போதும். நன்றாகக் குமிழ் விட்டுக் கொதிக்கத் தொடங்கியதும் ஒரு நிமிடம் வையுங்கள். 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம். விறகையும் காஸையும் கால் மணி நேரம் எரிக்கத் தேவையில்லை.

ஆறிய தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், அதிலேயே மூடி வைத்துக் குடியுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் கையும் கோப்பையும் விட்டு மொள்ளும்போதுதான் கிருமி மறுபடி சேர்கிறது. மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் நல்லது.

மெழுகுதிரி வடிவப் பீங்கான் வடிகட்டி பக்டீரியாவைத் தடுக்கும். ஆனால் செங்கண்மாரி வைரஸ் அதனுள் புகுந்து வரக்கூடியது. வடிகட்டியதையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். தெளிந்த பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரை ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கும் முறை வெயில் ஊர்களுக்கு அருமையானது. மேகமான நாளில் இரண்டு நாள் வைக்க வேண்டும். பனிமூட்டம் கிடக்கும் தலவாக்கலையிலும் கந்தப்பளையிலும் அதை நம்ப வேண்டாம்.

கிணற்றுக்குக் குளோரின் எவ்வளவு போடுவது?

முதலில் கிணற்றில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்று பாருங்கள். நாலு அடி அகலமான (1.2 மீற்றர்) கிணற்றில் இரண்டு மீற்றர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 2,260 லீற்றர். வழக்கமான அளவு, 1,000 லீற்றருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் தூள். இந்தக் கிணற்றுக்கு ஆறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தூளை ஒரு வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டு, வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். இலேசான குளோரின் வாசனை நின்றால் சரி. கலங்கல் தண்ணீரில் குளோரின் வீணாகிவிடும். தெளிய வைத்த பிறகே போட வேண்டும்.

வெள்ளமோ மண்சரிவோ வந்து கிணறு சேறானால் இது போதாது. முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊறிய தண்ணீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும்படி போட வேண்டும். மேலே சொன்ன கிணற்றுக்கு 30 சதவீதத் தூளில் அது ஏறக்குறைய 400 கிராம். ஒரு இரவு விட்டு, மறுநாள் வாசனை போகும்வரை இறைத்துக் கொட்டிய பிறகே குடிக்கலாம். இந்த அளவைத் தனியாகச் செய்யாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். தூள் பழையதாக இருந்தால் வீரியம் குறைந்திருக்கும். அதை அவர் அறிவார்.

தேத்தண்ணி ஊற்றினால் மை மாதிரிக் கறுக்கிறது. ஏன்?

இரும்பு. தேயிலையில் உள்ள டனின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். தேயிலை நாட்டில் இருக்கும் நமக்கு இது வீட்டிலேயே கிடைத்த ஆய்வுகூடம். பீலித் தண்ணீரிலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரே தூளில் இரண்டு கோப்பை சாயம் (பால் விடாத தேத்தண்ணி) ஊற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

எஸ்.எல்.எஸ். அளவு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். அதைக் கொஞ்சம் தாண்டியதால் உடம்புக்குப் பெரிய கேடில்லை. சோறு நிறம் மாறும், வெள்ளை உடுப்பு பழுப்பாகும், பைப் அடைக்கும். தீர்வு மலிவானது: தண்ணீருக்குக் காற்றுக் காட்ட வேண்டும். துளையிட்ட தட்டுகளை மூன்று நான்கு அடுக்காக வைத்து அவற்றின் வழியாகச் சொட்டச் சொட்ட விட்டால், கரைந்திருந்த இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து துருவாகிப் பிரியும். அதைத் தாங்கியில் தங்கவிட்டு மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் முடிந்தது. இந்தத் தட்டு அடுக்கை நினைவில் வையுங்கள், ரேடன் கேள்வியில் மறுபடி வரும்.

குழாயடியில் பச்சை நீலக் கறை படிகிறது. அதுவும் இரும்பா?

இல்லை, செம்பு. உங்கள் தண்ணீர் அமிலத்தன்மையாக இருந்து செம்புக் குழாயையும் பித்தளைப் பொருத்துகளையும் அரிக்கிறது. மழை அதிகமான மலைச் சரிவில் சுண்ணாம்புச் சத்து கழுவப்பட்டுவிடுவதால் தண்ணீர் மென்மையாகவும் சற்றே புளிப்பாகவும் இருப்பது வழக்கம். அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குக்கல் சில்லு நிரப்பிய தொட்டி வழியாகத் தண்ணீரை விடலாம். தேயிலை மலைக்கு டொலமைட் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். ஆனால் அந்த உர மூட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள். குடிநீருக்கென்று விற்கும் சுத்தமான சில்லு வேண்டும். காலையில் முதல் தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிப்பதும் உதவும்.

எங்கள் கிணற்றுக்கு மேலே கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள்.

அப்படியானால் நைத்திரேற்று சோதனை கட்டாயம். வெலிமடை, கந்தப்பளை போன்ற மரக்கறிப் பகுதிகளில் யூரியாவும் கோழி எருவும் கூடுதலாகப் போடும்போது செடி எடுத்தது போக மிச்சம் மழையோடு நிலத்துக்குள் இறங்கிவிடும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அறிக்கையில் ‘நைத்திரேற்று நைதரசன்’ என்று எழுதியிருந்தால் அதே எல்லை 11 ஆகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்தவர்களும், பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு.

பெரியவர்களைவிடப் போத்தல் பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. இரத்தம் ஒட்சிசன் எடுத்துச் செல்லும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அப்படிப்பட்ட வீட்டில் குழந்தைக்கு மாவு கரைக்க வேறு தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

சிறுநீரக நோய் வரும் என்று சொல்லி ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறார்கள். வாங்கலாமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஆர்.ஓ. என்பது தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி, கரைந்த உப்புகளைப் பிரிக்கும் முறை. காரணம் தெரியாத அந்தச் சிறுநீரக நோய் அதிகம் காணப்படுவது உலர் வலயத்தில்: அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டத்தின் கீழ்ப் பகுதியான கிராந்துருகோட்டை. அங்கே தண்ணீர் கடினமானது, புளோரைட்டும் கூடுதல், அங்கு ஆர்.ஓ. நிலையங்கள் வைத்ததற்கு நியாயம் இருக்கிறது. மலைச் சரிவுத் தண்ணீரில் கரைந்த உப்புகள் பெரும்பாலும் மிகக் குறைவு. அதை ஆர்.ஓ. வழியாக விட்டால் இருக்கும் கொஞ்சத் தாதுவும் போய், ஒரு லீற்றர் குடிநீருக்காகச் சில லீற்றர் கானில் போகும். நைத்திரேற்று அறிக்கை கூடுதலாக வந்த வீட்டுக்கு மட்டும் ஆர்.ஓ. நல்ல தீர்வு. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து மெஷின் வாங்கி, மேலே வழியும் குழியை அப்படியே விட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்னும் மனம் பொறுக்கவில்லை.

ரேடன் என்றால் என்ன? நமது மலைகளில் இருக்கிறதா?

எல்லா மண்ணிலும் பாறையிலும் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடன் என்ற வாயு பிறக்கிறது. நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைந்து போக எடுக்கும் காலம், 3.8 நாள். மண் துளைகள் வழியாக மேலே வந்து திறந்த வெளியில் கரைந்துவிடும். வீட்டின் தரை வெடிப்பு வழியாக வந்தால் அறைக்குள் தங்கிவிடும். அதை மூச்சில் இழுத்தால், அதன் சிதைவுப் பொருட்கள் நுரையீரலில் ஒட்டிக் கதிர்வீசும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த முக்கிய காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் இதைச் சொல்கிறது. நுரையீரல் புற்றுநோய்களில் நாட்டுக்கு நாடு 3 முதல் 14 சதவீதம் வரை இதனால் வருபவை. புகைப்பவருக்கு ஆபத்து பல மடங்கு.

வீட்டு ரேடன் உலகத்தின் கவனத்துக்கு வந்த கதை வித்தியாசமானது. 1984 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கட்டி முடிக்கப்படாத ஒரு அணுமின் நிலையத்தில் வேலை செய்த பொறியியலாளர் ஒருவர் உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. தேடிப் பார்த்தால் கதிர் வந்தது அவர் வீட்டிலிருந்து.

நமது மலைகள் மிகப் பழைய நைஸ், சார்னொக்கைட் பாறைகளால் ஆனவை. பலாங்கொடைப் பக்கத்து மணிக்கல் படுகைகளில் கிடைத்த, தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904 இல் முதலில் எடுத்துக்காட்டியவர், அன்று இங்கே கனிம ஆய்வு நடத்திக்கொண்டிருந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகவே நாம் அறிந்த அதே மனிதர்தான். தோரியத்திலிருந்தும் ரேடன் வகை வாயு ஒன்று வரும்; தோரன் என்று பெயர். அதன் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகாது. மண் சுவர் வீட்டில் சுவரை ஒட்டித்தான் நிற்கும். சுவரைப் பூசி, தலைமாட்டைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

ஊருக்கு ஊர், ஏன் வீட்டுக்கு வீடு, ரேடன் மாறும். பக்கத்து வீட்டின் அளவை வைத்து உங்கள் வீட்டைச் சொல்ல முடியாது.

தண்ணீரிலும் ரேடன் வருமா?

வரும். பாறைக்குள் நின்ற தண்ணீரில் கரைந்து, குழாய்க் கிணறு வழியாக வீட்டுக்குள் வரும். ஓடையிலும் பீலியிலும் வரும்போது காற்றுப்பட்டு வழியிலேயே பெரும்பகுதி போய்விடும். குடிப்பதைவிட, குளிக்கும்போதும் துவைக்கும்போதும் அறைக் காற்றில் கலந்து மூச்சில் போவதுதான் கூடுதல். தண்ணீரில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு வீட்டுக் காற்றில் சேரும் என்பது வழக்கமான கணக்கு. லீற்றருக்கு 100 பெக்கரல் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) இருந்தால் காற்றில் கன மீற்றருக்கு 10 பெக்கரல் கூடும். அதனால் தண்ணீரைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள்.

தீர்வு, இரும்புக்குச் சொன்ன அதே தட்டு அடுக்கு. தண்ணீரைச் சிதறவிட்டால் ரேடன் கழன்று போய்விடும். சரியாகச் செய்தால் 99 சதவீதம்வரை குறையும். ஆனால் அடுக்கு வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது அந்த வாயு வெளியே போக வழி வேண்டும். கரி வடிகட்டியும் ரேடனைப் பிடிக்கும். பிடித்த கதிர்வீச்சு கரியிலேயே சேருவதால் அதைச் சமையலறையில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் ரேடனை எப்படிக் குறைப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கையேடு கன மீற்றருக்கு 100 பெக்கரலைக் குறியாக வைக்கச் சொல்கிறது. முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக்கூடாது. மூன்று மாதம் அறையில் வைக்கும் சிறு அளவுகருவிதான் நம்பகமானது. இலங்கை அணுசக்தி சபையிடம் முதலில் விசாரியுங்கள்.

நமது வீடுகளில் நான் கவலைப்படுவது இரண்டு விஷயம். ஒன்று, குளிருக்குப் பயந்து காலைமுதல் மறுநாள்வரை ஜன்னலை அடைத்து வைப்பது. இரண்டாவது, சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்பது. அந்தச் சுவர் இன்னொரு தரை மாதிரி. ஈரமும் வாயுவும் அதன் வழியாக உள்ளே வரும். பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் ஆள் போகும் அளவு இடைவெளி விட்டுக் கான் வெட்டினால் இரண்டும் குறையும், மண் சரிந்தாலும் சுவர்மேல் நேராக விழாது. தரை வெடிப்பையும் பைப் நுழையும் துளைகளையும் சீமெந்தால் அடையுங்கள். பகலில் வெயில் வரும் நேரமாவது முன் பின் கதவுகளைத் திறந்து விடுங்கள்.

அளவு மிகவும் கூடுதலாக வந்தால் தரைக்கடியிலிருந்து பைப் வழியாகக் காற்றை உறிஞ்சி கூரைக்கு மேலே விடும் சிறு மின்விசிறி வைப்பதுதான் உறுதியான வழி.

7 பேர்ச்சஸ் காணியில் புது வீடு கட்டுகிறோம். இப்போதே என்ன செய்யலாம்?

கொங்கிறீட் போடும் முன் நாலு அங்குலம் சரளை பரப்பி, அதில் துளையிட்ட பைப் ஒன்றைப் படுக்க வைத்து, மேலே தடித்த பொலித்தீன் விரித்து, பைப்பின் நுனியைக் கூரைக்கு மேலே எடுத்து விடுங்கள். கட்டும்போது செலவு சொற்பம். கட்டிய பிறகு தரையை உடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் விறகடுப்பு. ரேடனுக்குப் பயப்படுவதா, புகைக்கா?

புகைக்கு. என் அம்மாவும் பாட்டியும் இருமிய இருமலை நான் கேட்டு வளர்ந்தவன். புகைபோக்கி இல்லாத காம்பராவில் (லயத்து அறையில்) தினமும் சமைக்கும் பெண்ணின் நுரையீரலுக்கு முதல் எதிரி அந்தப் புகைதான். புகைபோக்கி வையுங்கள், இஸ்தோப்பு (முன் விறாந்தை) பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக மேலே காற்றுத் துளை விடுங்கள். அதே துளை ரேடனையும் வெளியே எடுத்துப் போகும்.

சோதனைக்குத் தண்ணீர் எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது?

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ விசாரியுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் போத்தலில்தான் எடுக்க வேண்டும். அதைக் கழுவாதீர்கள், மூடியின் உட்பக்கத்தைத் தொடாதீர்கள். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். இரசாயனச் சோதனைப் போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிறகு நிரப்புங்கள். ரேடனுக்கு எடுப்பதானால், வாளித் தண்ணீருக்குள் போத்தலை முக்கி, ஒரு குமிழும் இல்லாமல் அங்கேயே மூட வேண்டும்.

மழைக்காலம் தொடங்கி முதல் பெருமழை பெய்த இரண்டொரு நாளில் எடுப்பது நல்லது. மேலே உள்ளதெல்லாம் இறங்கி வரும் நேரம் அதுதான். அறிக்கை வந்ததும் ஒரு பிரதி எடுத்து, அதே பீலியில் குடிக்கும் எல்லா வீட்டாருக்கும் காட்டுங்கள், மேல் லயத்துக்காரர்களுக்கும் சேர்த்து.